சிப்பிப்பாறை: ஒரே தகப்பன் வழியில் இணை சேர்க்கலாமா? மரபணுச் சோதனை முடிவு வந்திருக்கிறது

கரிசல்காடு

வணக்கம். என்னிடம் ஒரு சிப்பிப்பாறை வேட்டைநாய்ப் பெட்டை இருக்கிறது. சாம்பல் நிறம், ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது, ஒரு ஈற்று போட்டிருக்கிறது. அடுத்த பருவத்தில், எங்கள் பக்கத்தில் எல்லோரும் தேடிப் போகும் ஒரு செவலைக் கடுவனோடு சேர்ப்பதாகப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். இதற்கிடையில் நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் இரண்டு நாய்களின் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

முடிவு இது: உறவுக்குள் இணை சேர்ந்ததன் அளவைக் காட்டும் உள்ளினக்கலப்பு விகிதம், அதாவது சி.ஓ.ஐ., பெட்டைக்கு 19%, கடுவனுக்கு 27%. இரண்டு நாய்களுக்கும் இடையே உள்ள நெருக்கம், தகப்பன் ஒன்று தாய் வேறு என்ற அளவில் இருக்கிறதாம். கடுவனை வைத்திருப்பவர் அதற்கு வாய்ப்பே இல்லை என்கிறார். பெட்டையை எனக்குக் கொடுத்தவரும் தகப்பன் வேறு என்றுதான் அடித்துச் சொல்கிறார். தாளை நம்புவதா, ஆளை நம்புவதா?

19, 27 என்றால் நாய் மோசம் என்று பொருளா? இந்த ஜோடியைச் சேர்க்கலாமா கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேட்டைத்துணை

தம்பி, அந்தச் செவலையை நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு இறங்கி, வயிறு ஒட்டி, பாதம் மூடி, அப்படி ஒரு நாய் அடிக்கடி வராது. நம் பெரியவர்கள் எந்தக் குச்சியைத் தேய்த்து இந்த நாயை உருவாக்கினார்கள்? காட்டில் விட்டுப் பார்த்தார்கள், முயலைத் தவறவிட்டதை ஒதுக்கினார்கள். தகப்பனுக்கு மகளையே சேர்த்து வந்த பேர்பெற்ற நாய்கள் எத்தனையோ உண்டு. நல்ல ரத்தத்தில் வெளி ரத்தத்தை ஊற்றினால் மோர் நீர்த்த கதைதான். சேர்த்துவிடு.

வேகம்50

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். அந்தக் கடுவனின் குட்டி என்றால் கண் திறப்பதற்கு முன்பே முன்பதிவு முடிந்துவிடும். யோசிக்காதீர்கள்.

உயிர்ச்சுருள்

நான் விலங்கு மரபியல் படித்தவள். களத்து அனுபவத்தில் வேட்டைத்துணை ஐயாவின் பக்கத்தில் நிற்கத் தகுதி இல்லை. எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். பாலினத்தைத் தீர்மானிக்கும் ஜோடியை விட்டால் 38. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து வந்தது. நீங்கள் செய்திருக்கும் வகைச் சோதனையில் இரண்டு லட்சம் அளவிலான இடங்களைப் படிக்கிறார்கள். இரண்டு பிரதிகளும் நீளத்துக்கு ஒரே மாதிரி இருக்கும் பகுதிகள் எவ்வளவு என்று கூட்டினால் கிடைப்பதுதான் சி.ஓ.ஐ. அப்படி இருக்கிறது என்றால் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே மூதாதையின் அதே துண்டு இறங்கியிருக்கிறது என்று பொருள். தலைமுறைக்குத் தலைமுறை குரோமோசோம்கள் வெட்டுப்பட்டு மாற்றிக்கொள்வதால் பழைய கலப்பின் துண்டுகள் சிறுத்துப் போயிருக்கும். நீண்ட துண்டுகள் அண்மையில் நடந்த கலப்பைக் காட்டும். அறிக்கையில் குரோமோசோம் படம் இருந்தால் துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள்.

எண்ணின் கனம் புரிய நம் ஊர் உறவுமுறையே போதும். மாமன் மகளைக் கட்டியவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு 6.25%. அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமனுக்குப் பிறக்கும் குழந்தைக்கு 12.5%. தகப்பன் ஒன்றான இரண்டு நாய்களைச் சேர்த்தாலும் குட்டிக்கு அதே 12.5% தான். முழு உடன்பிறப்புகள் அல்லது தகப்பன்-மகள் என்றால் 25%. இவை எல்லாம் அதற்கு முன் உறவே இல்லாத குடும்பங்களுக்கான கணக்கு. பொதுவான தகப்பனே 25% உள்ள நாய் என்றால் 12.5 என்பது 15.6 ஆகிவிடும். தாய்களுக்கும் உறவு இருந்தால் இன்னும் ஏறும்.

19, 27 என்பதால் நாய் மோசம் என்று ஆகிவிடாது. 227 இனங்களை எடுத்துப் பார்த்த 2021 ஆய்வில் சராசரியே ஏறத்தாழ 25% என்று வந்தது. உலகத்தில் தூய இனம் என்று வளர்க்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ உடன்பிறப்புகளுக்குப் பிறந்த குட்டிகளின் நிலையில் இருக்கின்றன என்று அதற்குப் பொருள். உங்கள் நாய்கள் அதில் விதிவிலக்கு இல்லை, அவ்வளவுதான். இருக்கும் நாயின் எண்ணை யாராலும் மாற்ற முடியாது. பிறக்கப்போகும் குட்டியின் எண் உங்கள் கையில் இருக்கிறது. பெற்றோரின் சொந்த சி.ஓ.ஐ. எவ்வளவு ஆனாலும், குட்டியின் சி.ஓ.ஐ.யைத் தீர்மானிப்பது அந்த இரண்டு நாய்களுக்கும் இடையே உள்ள உறவு. 27% கடுவனை உறவில்லாத ஒரு பெட்டையோடு சேர்த்தால் குட்டிகள் மிகக் குறைந்த எண்ணோடு பிறக்கும். ஆகவே முதல் கேள்விக்கு 'இல்லை', இரண்டாவதற்கு 'வேண்டாம்'.

நெறியாளர்

அக்காள் மகள் திருமணம் நல்லதா கெட்டதா என்று இங்கே சண்டை வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நாயைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

வேட்டைத்துணை

அம்மா சொன்ன கணக்கு புரிகிறது. ஆனால் எங்கள் நாய்க்கு என்ன நோய் வந்துவிட்டது? வெளிநாட்டு நாய்க்குத்தான் இடுப்பு நோய், இதய நோய், தோல் நோய் என்று பட்டியல் நீளும். சிப்பிப்பாறை பத்துப் பன்னிரண்டு வயது வரை காட்டில் ஓடுகிறது.

உயிர்ச்சுருள்

ஐயா, உள்ளினக்கலப்பின் முதல் பாதிப்பு பெயருள்ள நோயாக வர வேண்டியதில்லை. கோல்டன் ரெட்ரீவர் நாய்களில் 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. தாயின் சி.ஓ.ஐ. 10% கூடினால் ஈற்றுக்கு ஏறத்தாழ ஒரு குட்டி குறைகிறது என்று அதில் கண்டார்கள். யாரும் இதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். 'இந்த முறை குட்டி கம்மி' என்று போய்விடுவோம்.

கரிசல்காடு

என் பெட்டைக்கு முதல் ஈற்றில் மூன்றுதான். அதில் ஒன்று தங்கவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா அக்கா?

கால்நடைக்காரர்

இடையில் நுழைகிறேன். ஒரே ஈற்றை வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம். நாள் தவறிச் சேர்த்தால் குட்டி குறையும். கர்ப்பப்பைத் தொற்று, தீனி, கடுவனின் விந்து எண்ணிக்கை, முதல் ஈற்று என்பதே கூட, எத்தனையோ காரணங்கள் உண்டு. பருவத்தில் இருக்கும்போது ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் அளவைப் பார்த்து நாளைக் குறித்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மரபணு அறிக்கை வந்துவிட்டது என்பதற்காக மற்றச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

பொட்டுக்காரி

நான் டால்மேஷன் வளர்ப்பவள். எங்கள் இனத்தின் கதையைச் சொன்னால் 'வெளி ரத்தம்' பற்றிய வேட்டைத்துணை ஐயாவின் கவலைக்கு ஒரு பதில் கிடைக்கலாம்.

டால்மேஷனின் சிறுநீரில் யூரிக் அமிலம் மற்ற நாய்களைவிட மிக அதிகம். அதனால் சிறுநீரகப் பாதையில் கல் சேரும். கடுவன்களுக்கு அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்குக் காரணமான மரபணுவின் சரியான வடிவம் இனத்துக்குள் எந்த நாயிடமும் மிஞ்சவில்லை. எல்லா நாய்களிடமும் பழுதான பிரதி இரண்டு. அப்படி ஆன பிறகு எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் பயன் இல்லை, தேர்ந்தெடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. 1973-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் பாயின்டர் என்ற வேறு இனத்துக் கடுவன் ஒன்றை ஒரே ஒரு முறை டால்மேஷனோடு சேர்த்தார். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து, சரியான மரபணு உள்ள குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1981-இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. இனத்தைக் காப்பவர்கள் போராடி அந்தப் பதிவை நிறுத்தினார்கள். காரணமான மரபணு 2008-இல் அடையாளம் காணப்பட்டது. 2011-இல்தான் கதவு மறுபடி திறந்தது. பொட்டில் ஒன்றும் குறையவில்லை, பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு பாயின்டருக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டுச் சண்டை!

இன்னொரு கொடுமையான உதாரணம் நார்வேயின் லுண்டேஹுண்ட். பஃபின் பறவை பிடிக்கும் ஆறு விரல் நாய். டிஸ்டெம்பர் நோய் இரண்டு முறை இனத்தை வாரிக்கொண்டு போய், 1960-களில் ஐந்தாறு நாய்கள்தான் மிஞ்சின. இன்றைய நாய்கள் எல்லாம் அவற்றின் வழிவந்தவை. குடல் வழியே புரதம் வெளியேறும் நோய் அந்த இனத்தைவிட்டு விலகவே இல்லை. அங்கே மரபணுச் சோதனை செய்தாலும் ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, எந்த ஜோடியைத் தேர்ந்தெடுப்பது? கடைசியில் பக்கத்து இனங்களோடு கலக்கும் திட்டத்துக்கு அவர்களே இறங்கிவிட்டார்கள். சிப்பிப்பாறைக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. தேர்ந்தெடுக்க ஊருக்குள்ளேயே நாய் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

வேகம்50

சி.ஓ.ஐ. குறைவாகத்தான் வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள். என் கடுவனும் அதே வகைச் சோதனை செய்ததுதான். வெறும் 2%! பந்தயத்தில் இதுவரை யாரும் முந்தவில்லை. சேர்க்கைக் கட்டணம் தனிச்செய்தியில்.

வெள்ளைராஜா

2% என்றால் அதே அறிக்கையில் இனக்கலவை என்று இன்னொரு பக்கம் இருக்குமே, அதையும் இங்கே போடுங்கள். பந்தய வெறியில் வெளிநாட்டு ஓட்டநாயான கிரேஹவுண்ட் கலந்தது எவ்வளவு என்று நாங்களும் பார்க்கிறோம்.

வேகம்50

பொறாமைக்காரர்களுக்குப் பதில் இல்லை.

வெள்ளைராஜா

பக்கம் வரவில்லை. நன்றி.

உயிர்ச்சுருள்

சண்டையை விடுங்கள், இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. வேறு வேறு இரண்டு ரத்தவழிகள், இரண்டும் உள்ளுக்குள் மிகக் குறுகியவை என்று வைத்துக்கொள்வோம். அவற்றைச் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிக்கு சி.ஓ.ஐ. தரையில் கிடக்கும். அந்தக் குட்டியை மறுபடி அதே வழியில் ஒன்றோடு சேர்த்தால் எண் மீண்டும் எழும்பிவிடும். சி.ஓ.ஐ. ஒரு நாயின் கணக்கு. அதை மட்டும் விளம்பரப் பலகையில் எழுதுபவரை நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, குறைந்த எண் உள்ள ஒரே கடுவனிடம் எல்லோரும் ஓடுவது. ஐந்தே ஆண்டுகளில் அந்த வட்டாரத்துக் குட்டிகள் எல்லாம் அரை உடன்பிறப்புகள் ஆகிவிடும். பிரிட்டனில் பதிவான 10 இனங்களின் வம்சாவளியை 2008-இல் அலசினார்கள். பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் நாய்கள் இருந்தும், இரண்டு இனங்களைத் தவிர மற்றவற்றில் மரபணுப் பன்மையைக் கணக்கிட்டால் 40 முதல் 80 நாய்களுக்குச் சமமான அளவுதான் வந்தது. பேர்பெற்ற கடுவன்களையே எல்லோரும் தேடிப் போனது இதற்கு முக்கியமான காரணம்.

வெள்ளைராஜா

என் பங்குக்கு ராஜபாளையத்திலிருந்து. எங்கள் இனத்தில் பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தோம். அதோடு செவிட்டுத்தன்மையும் ஒட்டிக்கொண்டு வந்தது. சி.ஓ.ஐ. குறைவான ஜோடியைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தேன். ஆரோக்கியமான ஈற்று. ஆனாலும் ஒரு குட்டி செவிடு. நிறமிச் செல்கள் உட்காதுக்குப் போய்ச் சேராததால் வரும் குறை இது. உறவுக்கணக்கு இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு காது மட்டும் கேட்காத நாயை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, கூப்பிட்டால் வந்துவிடும். காதின் மின்சமிக்ஞையை அளக்கும் சோதனைதான் வழி.

பொட்டுக்காரி

டால்மேஷனிலும் இதே கதைதான். மரபணுப் பன்மைச் சோதனையும் வேண்டும், காதுச் சோதனையும் வேண்டும், ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

கரிசல்காடு

இன்னொரு சோதனை பற்றிக் கேள்விப்பட்டேன். நோய் எதிர்ப்பு மரபணுக்களைத் தனியாகப் பார்க்கிறார்களாமே? அதையும் செய்ய வேண்டுமா? ஏற்கெனவே கையைக் கடித்துவிட்டது.

உயிர்ச்சுருள்

டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபணு ஆய்வகம் செய்வது. குரோமோசோம்களில் பரவலாக 33 குறியிடங்கள், அவற்றோடு 12-ஆம் குரோமோசோமில் நோய் எதிர்ப்புக்கான டி.எல்.ஏ. பகுதியில் 7 குறியிடங்கள் என்று பார்க்கிறார்கள். இடங்கள் குறைவு. ஆனால் அதன் பலம் வேறு: அந்த இனத்தில் எந்த வடிவம் அரிதானது, எது எல்லா நாயிடமும் இருக்கிறது என்று சொல்லும். அரிதான வடிவத்தைச் சுமக்கும் நாய் கண்காட்சியில் தோற்றாலும் அதிலிருந்து ஒரு குட்டியாவது மிஞ்ச வேண்டும் என்று அதை வைத்துத் திட்டமிடலாம். அந்த ஒப்பீட்டுக்கு, இனத்தைச் சேர்ந்த பல நாய்களின் மாதிரி அவர்களிடம் முன்பே இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு பூடில் இன நாய் வளர்ப்பவர்கள் கூட்டாக நின்று மாதிரி கொடுத்ததால் அவர்களுக்கு அந்த வசதி வந்தது. நாம் தனித்தனியாக ஒவ்வொரு நாயை அனுப்பினால் நடக்காது. இப்போதைக்கு உங்கள் கையில் உள்ள அறிக்கையே போதும், அந்தப் பணத்தை அடுத்த கடுவனின் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். எண் கூடுதலாக உள்ள நாய்களை எல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கிவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அப்படிச் செய்தால் இருக்கிற பன்மையும் போகும். 27% செவலையிடம் வேறு எங்கும் இல்லாத ஒரு வடிவம் இருக்கலாம். அதைச் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெட்டையோடு சேர்க்க வேண்டாம் என்கிறேன். இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோய்களில், பழுதான மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ள நாய்க்கும் இதே நியாயம்தான். பழுதில்லாத நாயோடு சேர்த்தால் அந்த நோய் உள்ள குட்டி பிறக்காது.

வேட்டைத்துணை

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. போனில் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். தம்பி, தாளும் பொய் சொல்லவில்லை, ஆளும் பொய் சொல்லவில்லை.

உன் பெட்டையின் தாயைச் சேர்க்கக் கொண்டுபோனது வேறு கடுவனிடம்தான், அதைக் கண்ணால் பார்த்தவர் இருக்கிறார். ஆனால் பருவம் முடியுமுன்னே கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. விடிந்து பிடித்துவந்தது எந்தத் தோட்டத்தில் தெரியுமா? செவலையின் தகப்பன் நின்ற தோட்டத்தில். பெரிய மனிதர் வீட்டு விவகாரம் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

டாக்டர் தம்பி, ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டி இருக்குமா?

கால்நடைக்காரர்

தாராளமாக இருக்கும் ஐயா. பெட்டை சில நாள் இடைவெளியில் இரண்டு கடுவன்களோடு சேர்ந்தால் ஒரே ஈற்றில் சில குட்டிகள் ஒருவனுடையவை, சில மற்றவனுடையவை. மரபணுச் சோதனை இல்லாமல் பிரித்தறிய முடியாது. கென்னல் கிளப் தாளில் எழுதியிருப்பது உரிமையாளர் சொன்னதுதான்.

கரிசல்காடு

ஐயா, இதைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. அந்தச் செவலைக்கு வேறு பெட்டை வரும்போது குட்டி ஒன்று எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அவரும் ஒத்துக்கொண்டார். இப்போது என் பெட்டைக்கு வேறு கடுவன் தேட வேண்டும். கென்னல் கிளப் பதிவு உள்ளதாகத் தேடினால் இந்த வட்டாரத்தில் எல்லாம் அதே வழிதான் வருகிறது.

உயிர்ச்சுருள்

தாள் இல்லாத நாயைத் தேடுங்கள். நம் நாட்டு நாய்களுக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் நல்ல காலம் அதுதான். ஆட்டுக்கிடையிலும் மானாவாரிக் காட்டிலும் வேலை செய்யும் நாய்கள் எந்தப் பதிவேட்டிலும் வராமல், பேர்பெற்ற கடுவன்களின் ரத்தம் கலக்காமல் கிடக்கின்றன. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் பதிவில் ஏறிவிட்டன. அந்தப் பதிவு இனத்துக்கானது, தனி நாய்க்கானது இல்லை. ஒவ்வொரு நாயையும் காப்பது வளர்ப்பவர்கள் வேலை. ஆனால் கடுவனைச் சோதனை செய்யாமல் சேர்க்காதீர்கள். வேறு ஊர் என்பதால் வேறு ரத்தம் என்று ஆகிவிடாது, நாய்க்குட்டி பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போகும்.

வெள்ளைராஜா

பதிவில்லாத கடுவன் என்றால் குட்டி விலை பாதிதான் போகும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு

யோசித்துவிட்டேன். குட்டிகளில் இரண்டை நானே வைத்துக்கொள்ளப்போகிறேன், மற்றவை தெரிந்தவர் தோட்டங்களுக்கு.

வேட்டைத்துணை

வைப்பாற்றுக்கு வடகரையில் கிடை போடும் ஒருவரிடம் மயிலை நிறக் கடுவன் ஒன்று நிற்கிறது. பந்தயம் தெரியாது, கண்காட்சி தெரியாது. நரியை விரட்டத் தெரியும். தகப்பன் யார் என்று கேட்டால் அவர் தாத்தா காலத்து நாயிலிருந்து ஆரம்பிக்கிறார், அரை மணி நேரம் ஓடுகிறது. பாதி உண்மையாக இருந்தாலே போதும். அவரிடம் பேசிவிட்டேன். பணம் வேண்டாமாம், ஈற்றில் ஒரு பெட்டைக்குட்டி அவருக்கு, அதையும் அவரே பொறுக்கிக்கொள்வார். ஓட்டத்தை நான் பார்க்கிறேன், ரத்தத்தை அந்த அம்மாவின் குச்சி பார்க்கட்டும்.

கால்நடைக்காரர்

குச்சி தேய்க்கும் முன் அரை மணி நேரம் தீனியும் தண்ணீரும் கொடுக்காதீர்கள். ஒரு நாய்க்கு ஒரு குச்சி, பையில் போடுமுன் நன்றாகக் காயட்டும். அடுத்து குட்டிகளையும் சோதிப்பதாக இருந்தால், பால் குடித்த வாயோடு எடுத்தால் தாயின் செல்லும் சேர்ந்து வந்துவிடும், பிரித்துவைத்து எடுங்கள். டிஸ்டெம்பர், பார்வோ தடுப்பூசிகள் அந்தக் கிடை நாய்க்குப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். போடவில்லை என்றால் பெட்டையைக் கொண்டுபோகும் முன் போட்டாக வேண்டும்.

கரிசல்காடு

போட்டிருக்க மாட்டார்கள் டாக்டர். நானே மருந்துப் பெட்டியில் ஐஸ் வைத்து எடுத்துப் போகிறேன். அறிக்கை வர வாரக்கணக்காகும், பருவத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வேட்டைத்துணை

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் வா. அந்த நாய் அந்நியர் கை வாய்க்குள் போனால் கடிக்கும். வாயைப் பிடிக்க நானும் வருகிறேன்.